சுவரில் ஒட்டிய டி.என்.ஏ.

டீ குடிக்கிற சாக்கில் எங்கள் ஆபீஸ் சுவரில் இருந்த தாளைப் போட்டோ எடுத்துப் போனது நீங்கள்தான்; பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். திருப்பூரில் டி-ஷர்ட் மாடலைக் காப்பியடிப்பார்கள், சரி, டி.என்.ஏ.வையுமா?

எங்கள் தொழில் இதுதான். ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கி ஒரு புது டி.என்.ஏ. வரிசையைக் கம்ப்யூட்டரில் எழுதி, லேபில் செய்து வாங்கி, மில்லின் பஞ்சில் தெளிப்போம். அது பனியனாகி எந்த நாட்டுக்குப் போனாலும், சோதித்தால் எந்த மில் பஞ்சு என்று தெரிந்துவிடும். எழுதுவது ஜெனிபர், தூத்துக்குடிக்காரி, படித்தவள். விற்பது நான், பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று வளர்ந்தவள். கஸ்டமரிடம் கத்தாமல் இருக்கப் பாடுபடும் சக பாவிகளே, கேளுங்கள்.

எழுத்துக்கு இவ்வளவு

எங்கள் முதல் பெரிய ஆர்டர், காங்கேயம் மில் முதலாளியுடையது. மொத்தம் நூற்றியிருபது எழுத்து, எழுத்துக்கு இவ்வளவு என்று ரேட் சொன்னேன், அங்கேதான் மாட்டினேன். "நூத்தியிருவது எதுக்குங்க, அறுவது போதாதுங்களா?" என்றார். குறைத்தால் வேறொன்றோடு குழம்பும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். அவர் அசரவில்லை.

"எம் பேரே நாலெழுத்துதானுங்க, ஊருக்கே அடையாளந் தெரியுதுங்களே!"

கூட்டுத்தொகை

ஒருவழியாக நூற்றியிருபதுக்கு ஒத்துக்கொண்டவர், மறுநாள் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். கூட்டினால் ஆறு வரணுமாம். பஞ்சுக்கு என்னங்க ராசி என்று கத்தியே விட்டேன். ஜெனிபர் சிரித்துக்கொண்டே மூன்று எழுத்தைச் சேர்த்து நூற்றியிருபத்து மூன்றாக்கினாள். வேறெந்த வரிசையோடாவது ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற கம்ப்யூட்டர் இரண்டு முறை தள்ளிவிட்டு, மூன்றாம் முறைதான் ஏற்றது.

"எக்கா, இந்த கம்ப்யூட்டரு தேவலக்கா, காரணத்தச் சொல்லித் தள்ளுது."

அந்தத் தாள்

சுவரில் இருந்தது நாங்கள் முதன்முதலில் எழுதி, கம்ப்யூட்டர் தள்ளிய வரிசை. பருத்திச் செடிக்குள்ளேயே அப்படியே இருக்கிற வரிசை அது! இனி அந்தத் தப்பைச் செய்யக்கூடாதென்று ஒட்டிவைத்திருந்தோம். அதைத்தான் போட்டோ எடுத்துப்போன நீங்கள் செய்து வாங்கி இன்னொரு மில்லுக்கு விற்றீர்கள். அங்கே சோதித்தால் அவர்கள் பஞ்சுக்கும் 'ஆம்', குஜராத் பஞ்சுக்கும் 'ஆம்', சாமி படத்துக்கு வைத்திருந்த விளக்குத் திரிக்கும் 'ஆம்'. அந்த மில் மேனேஜர் கேட்டாராம்:

"ஏனுங்க, உலகத்துப் பருத்தி பூராவும் நம்ம மில்லுதுங்களா?"

ஆர்டர் நின்றது

நானும் ஜெனிபரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சாயங்காலமே காங்கேயத்துக்காரர் ஆர்டரை நிறுத்திவிட்டார்: எங்களுடையதும் அதே ரகம்தானோ என்று. இது போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். எங்கள் வரிசை தெளித்த அவர் பஞ்சையும் பக்கத்து மில் பஞ்சையும் பெயரில்லாத பையில் அவர் கையாலேயே போடச் சொல்லிச் சோதித்துக் காட்டினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருக்கும் சிரிப்புத்தான், ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

"உங்குளுது சரிதானுங்க அம்மிணி, ஆனா அந்தத் தாளை எடுத்தவரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், கையெழுத்துப் போட்டர்றேன்."

ஆகவே, எங்கள் தப்பை ஓரெழுத்துகூடத் தப்பில்லாமல் காப்பியடித்த ஐயா, திங்கட்கிழமை காங்கேயம் வந்து உங்கள் வாயால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். போகிற வழிக்கு மட்டும் பெட்ரோல் நான் போடுகிறேன்.