முப்பிடாதியம்மாளின் அடுக்களைத் தரை

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத அந்தத் தெருவில் முப்பிடாதியம்மாளுக்குக் கோபக்காரி என்று பேர். அந்தப் பேர் எப்போது வந்தது என்று கேட்டால் தெருவில் எவரும் சொல்லிவிடுவார்கள். எழுபத்தாறாம் வருஷம், கஞ்சி வடிக்கும்போது அவள் கால் வெந்துபோனதே, அதற்குப் பிறகு. அதுவரை அவளும் நாலு பேரைப்போல மெதுவாகப் பேசுகிறவளாகத்தான் இருந்தாள்.

அவள் கல்யாணமாகி வந்த அன்றைக்கே அந்த வீட்டு அடுக்களைத் தரை பொரிந்துபோய்த்தான் கிடந்தது. அடுப்புக்கு முன்னால் சிமெண்டு பெயர்ந்து ஒரு பள்ளம். தண்ணீர் தேங்கினால் பள்ளம் இருப்பதே தெரியாது. “இதக் கொஞ்சம் பூசிக் குடுங்க” என்று கணவர் சண்முகையாவிடம் வருஷம் தவறாமல் சொல்லிவந்தாள். சண்முகையா சொந்தமாகத் தறி வைத்துத் துண்டு நெய்து விற்கிறவர். விசைத்தறிச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர். “பாப்போம்” என்பார். அவர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டு முகப்பில் சிமெண்டு மயில் ஒன்று தோகை விரித்தது. வாசலுக்கு இரும்புக் கேட் வந்தது. தெருவிலிருந்து நுழைந்ததும் இருக்கிற பட்டாசலில், நாலு பேர் வந்து உட்காரும் அந்தப் பெரிய அறையில், மின்விசிறி சுற்றியது. அடுக்களைப் பள்ளம் மட்டும் அகலமாகிக்கொண்டே போனது.

ஒருநாள் காலையில் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது அந்தப் பள்ளத்தில்தான் அவள் கால் மடங்கியது. கொதிகஞ்சி இடது காலில் முழங்காலிலிருந்து பாதம்வரை கொட்டியது. ஆஸ்பத்திரியில் வாழையிலையில் படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் சண்முகையா பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

“எப்ப வீட்டுக்கு விடுவாவளாம்? ஓட்டல் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கிட மாட்டேங்கு.”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு திரும்பியபோது குரல் மாறியிருந்தது. பால்காரரிடம், தறியில் வேலை பார்க்கிறவர்களிடம், சண்முகையாவிடம், யாரிடமும் அந்தக் குரல்தான். பள்ளத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுச் சமைத்தாள். சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது. சாக்கை எடுத்தால் பள்ளத்தைப் பார்த்து வந்தது.

அதற்கு அடுத்த வருஷம் வாசுதேவநல்லூரிலிருந்து அவளுடைய அண்ணன் பிச்சையா வந்தார். அப்பா கட்டிய பழைய வீட்டை இடித்துவிட்டு நெல் மூட்டை அடுக்க ஒரு கிட்டங்கி கட்டப் போவதாகச் சொன்னார்.

“அம்மா பொழங்குன அண்டா, உருளி எல்லாம் கெடக்கு. ஒனக்கு எது வேணும்னு சொல்லு தங்கச்சி.”

“பட்டாசல்ல பதிச்சிருக்க கல்லு வேணும். எல்லாக் கல்லும்.”

பிச்சையா சிரித்தார். “அந்தப் பழங்கல்லையா? ஊரு பூரா மொசைக்கு போடுதான். இவ கல்லப் பேத்துக் குடுன்னு கேக்கா.”

“நான் கேட்டது அதுதான். குடுக்கியளா, இல்லையா?”

அந்தக் கல்லுக்கும் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் சாயத்தைக் கையால் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் கொட்டி வார்த்த பூக்கல். கருஞ்சிவப்பில் மஞ்சள் பூ, பூவைச் சுற்றிப் பச்சை இலை, ஓரத்துக்குத் தனியாக ஒரு கொடி. பாவாடை கட்டின வயசிலிருந்து அவள்தான் முட்டிபோட்டு அதைத் துடைத்தாள். உமியைப் போட்டுத் தேய்த்து, நல்ல நாள் வந்தால் தேங்காயெண்ணெய் தொட்டு மினுக்கினாள். உட்கார்ந்தது எல்லாம் ஆம்பளைகள். பெண்பிள்ளைகள் பக்கவாட்டு நடையில்தான் போகவேண்டும். ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்து நடுக்கல்லில் உட்கார்ந்து தட்டாங்கல் ஆடினாள். அப்பா வந்தார். சடையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அன்றைக்குச் சாயங்காலம் அந்த இடத்தையும் அவள்தான் துடைத்தாள்.

கல்லைப் பெயர்க்கிற அன்றைக்கு அவளே பஸ் ஏறி வாசுதேவநல்லூருக்குப் போய்ப் பக்கத்தில் நின்றாள். சுண்ணாம்பில் பதித்த கல் என்பதால் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் முழுசாக வந்தது. அவசரப்பட்டவன் நெம்பியது உடைந்தது. உடைந்த ஒவ்வொரு கல்லுக்கும் அவனுக்கு ஏச்சு விழுந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வைக்கோல் வைத்து லாரியில் ஏற்றி, வீட்டுப் பின்கட்டில் இறக்கினாள்.

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு கல்லின் முதுகிலும் பழைய சுண்ணாம்பு கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. தெருக்கோடியில் இருந்த கொத்தனார் தாவீது வந்து பார்த்தார். “இதச் சுத்தமா கொத்தி எடுக்காம பதிச்சா சிமெண்டு பிடிக்காதுக்கா. ஓரத்துல இருந்து உள்ளாற கொத்தணும். நடுவுல அடிச்சா ரெண்டாப் போயிரும்” என்று சொல்லி, ஒரு சிற்றுளியைக் கொடுத்துவிட்டுப் போனார். காலைச் சமையல் முடிந்ததும் அவள் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். உளியை வைத்துத் தட்டும்போது யார் யாரோ முகம் ஞாபகத்துக்கு வரும். தட்டு கொஞ்சம் பலமாக விழும். அப்படி இரண்டு கல் போனது. பிறகு ஆத்திரத்தை அடக்கித் தட்டப் பழகினாள். அது உளி பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கொத்தியதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, கனத்துக்குத் தக்கபடி தனித்தனியாக அடுக்கினாள். கையால் வார்த்ததில் ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இல்லை. ஒன்று பலகைபோலத் தடிமன், ஒன்று அப்பளம்போல.

சண்முகையா பல் விளக்கப் பின்கட்டுக்கு வரும்போது அந்த அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு போவார். “குப்பையக் கொண்டாந்து வீட்ட அடைச்சு வச்சிருக்கா” என்று வாய் கொப்பளித்துத் துப்புவார்.

ஐப்பசியில் புளியங்குடியிலிருந்து ஜவுளிக்கடை முதலாளி சுந்தரராஜ் வந்தார். சண்முகையாவிடம் மொத்தமாகத் துண்டு எடுக்கிறவர். கை கழுவப் பின்கட்டுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முப்பிடாதியம்மாள் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு ஜன்னல் வழியே கேட்டது.

“என்ன வே, இந்தக் கல்லு எங்க பிடிச்சீரு? காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகள்ல பாத்தது. இப்ப தேடினாலும் கெடைக்காதே.”

“எங்க மாமனார் வீட்டுல இருந்தது அண்ணாச்சி” என்றார் சண்முகையா. “நம்ம பட்டாசல்ல போடலாம்னு நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்.”

அவள் கையில் காப்பி சிந்தியது. துடைக்கவில்லை. சுந்தரராஜ் போகும்வரை பொறுத்திருந்தாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் பட்டாசலுக்கு வந்தாள்.

“கல்ல யாரு எடுத்துட்டு வரச் சொன்னது?”

“அதுக்கென்ன இப்ப? பட்டாசல்ல போட்டா வீட்டுக்கு ஒரு எடுப்பா இருக்கும். சங்கத்து ஆளுக வாராவ, போறாவ.”

“அது அடுக்களைக்கு.”

“அடுக்களையில போட்டா யாருட்டி பாக்கப்போறா?”

“நான் பாப்பேன்.”

சண்முகையாவுக்கு அது பதிலாகவே படவில்லை. நாளிதழை எடுத்து விரித்துக்கொண்டார். மறுநாள் தாவீதைக் கூப்பிட்டுப் பட்டாசலை அளக்கச் சொன்னார். நூல் வாங்க ஈரோட்டுக்கும், வியாபாரம் பேசப் பெங்களூருக்கும் போகவேண்டியிருந்தது; வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தாவீது சிமெண்டு மூட்டையோடு வந்தபோது அடுக்களையிலிருந்து இடி இடிக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார். முப்பிடாதியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையால் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை ஏற்கெனவே இடித்துத் தள்ளியிருந்தாள். பாத்திரம் பண்டம் எல்லாம் முற்றத்தில் கிடந்தது. பள்ளம் இருந்த இடத்தைத்தான் முதலில் அடித்திருந்தாள். அங்கே முழங்கால் ஆழத்துக்கு மண் தெரிந்தது.

“யக்கா, என்ன காரியம் செய்யுதிய. அண்ணாச்சி பட்டாசல்லயில்லா போடச் சொல்லியிருக்காவ.”

“போடு. பட்டாசல்ல போய்ப் போடு. அவிய வந்ததும் இந்தக் குழிக்குள்ள நின்னு சோறு பொங்கட்டும்.”

“என்னைய ஏசுவாவக்கா. அவிய தயவு எனக்கு வேணும்.”

“ஒன்ன ஏசினா நான் பேசிக்கிடுதேன். என் காலப் பாத்திருக்கியா நீ?” சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். தோல் சுருங்கி வெளுத்திருந்தது. தாவீது தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சிமெண்டு மூட்டையைத் தூக்கி அடுக்களை வாசலில் வைத்தார்.

முதலில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசு அடித்துத் தரையை இறுக்கினார்கள். சித்தாளாக அவளே நின்றாள். அது காயும்வரை முற்றத்தில் மூன்று கல் கூட்டி அவளுக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொண்டாள். காய்ந்ததும் தாவீது கலவை இல்லாமல் கல்லை வெறுமனே பரப்பிப் பார்த்தார். கொடிபோட்ட ஓரக்கல் ஒருபக்கச் சுவருக்குக் குறைந்தது. அடுப்பு வருவது அந்தப் பக்கம்தான், அதற்கு அடியில் வெறும் சிமெண்டு போதும் என்று அவளே முடிவு சொன்னாள். பிறகு நூல் கட்டினார். ஊறவைத்த கல்லை அவள் எடுத்துக் கொடுக்க, தடிமனான கல்லுக்குக் கலவையை வழித்தும் மெல்லிய கல்லுக்குக் கூட்டியும் வைத்து, கரணைக் காம்பால் தட்டி, ரசமட்டம் பார்த்துப் பதித்தார். பூ பூவோடு சேர்ந்தது. ஒரு வரிசையில் இலை கோணிப்போனதைப் பார்த்துவிட்டு, “எடு, திரும்ப வை” என்றாள். “லேசாத்தானக்கா” என்றார் தாவீது. “லேசா இருந்தாலும் தெனம் நான்தான் பாக்கணும்.” எடுத்துத் திரும்ப வைத்தார்.

கடைசி வரிசை வாசல்படி ஓரம். அதைப் பதித்து முடித்த அன்றைக்குத்தான் சண்முகையா வந்து சேர்ந்தார். சொன்ன நாளுக்கு முந்தியே போன வேலை முடிந்துவிட்டதாம். பட்டாசல் போட்டது போட்டபடி இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களை வாசலுக்கு வந்தார்.

“ஏலே தாவீது, ஒனக்கு யாருலே கூலி குடுக்கது?”

தாவீது எழுந்து நின்றார். “அண்ணாச்சி, அக்காதான்...”

“அந்தக் கல்லப் பேருலே. எல்லாத்தையும் இப்பமே பேரு.”

“ஈரத்துல பேத்தா கல்லு நிக்காது அண்ணாச்சி. பொடிஞ்சிரும்.”

சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையைச் சண்முகையாவே எடுத்தார். வாசல் ஓரத்துக் கல்லின் அடியில் கொடுத்து நெம்பினார். அது பிளந்தது. பக்கத்துக் கல்லும் பிளந்தது. மூன்றாவதுக்குக் கடப்பாரையை நகர்த்தும்போது முப்பிடாதியம்மாள் அவரைத் தாண்டி உள்ளே நடந்து, தரைக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

“யக்கா, இன்னும் இறுகல” என்று பதறினார் தாவீது.

அவள் எழுந்திருக்கவில்லை. கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள். பாரத்தில் ஒரு கல் ஒருபக்கம் லேசாக அமுங்கியது. ஈரம் சேலையில் ஏறியது.

“பேருங்க” என்றாள். குரல் உயரவேயில்லை. “எங்கப்பன் இந்தக் கல்லுல இருந்து என்னச் சடையப் பிடிச்சுத் தூக்கினான். நீங்க எதப் பிடிச்சுத் தூக்கப்போறிய? வாங்க. தெருவே வாசல்ல நிக்கி, எல்லாரும் பாக்கட்டும். நீங்க நாலு பேரு பாக்கணும்னுதான ஆசப்பட்டிய?”

கேட்டுக்கு வெளியே நிஜமாகவே ஆள் சேர்ந்திருந்தது. தறிகூட நின்றிருந்தது. சண்முகையா திரும்பிப் பார்த்தார். கடப்பாரையைப் போட்டார், விழுந்த வேகத்தில் மூன்றாவது கல்லின் முனையும் சில்லாகத் தெறித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உடைந்த இடத்தைத் தாவீது வெறும் சிமெண்டால் பூசினார். அமுங்கிய கல்லை எடுத்துச் சரிபண்ணவா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். தரை இறுகியதும் உமி போட்டுத் தேய்த்து எண்ணெய் மினுக்கியது அவள்தான். இந்தத் தடவை மினுக்கி முடித்ததும் அதிலேயே படுத்துத் தூங்கினாள்.

சண்முகையா கார்த்திகை முழுக்க ஓட்டலில் சாப்பிட்டார். வயிறு கெட்டது. அவள் கூப்பிடவில்லை, சமைத்ததை மூடி வைத்தாள், அவ்வளவுதான். மார்கழியில் ஒருநாள் அவரே வந்து பட்டாசலில் உட்கார்ந்தார். சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. தைக்கு மேல் பட்டாசலுக்கு மொசைக் போட்டார். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினார். அவர்களோடு வந்த பெண்கள் மட்டும் பக்கத்து நடையால் அடுக்களைக்குப் போய்விடுவார்கள். போனால் சீக்கிரத்தில் திரும்பமாட்டார்கள். பசி வந்தால் முப்பிடாதியம்மாள் யாருக்கும் காத்திருக்காமல் தட்டைப் போட்டுத் தரையில் உட்கார்ந்து முதலில் சாப்பிடுவாள். கோபம் போய்விட்டதா என்று தாவீதின் மனைவி ஒருதரம் கேட்டாள். “எங்க போவும்” என்றாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள். வாசுதேவநல்லூர்ப் பெண்களோடு அவள் அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தாள். பட்டாசலிலிருந்து சண்முகையா காப்பி காப்பி என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

“போட்டு வச்சிருக்கு. வந்து எடுத்துக்கிடுங்க” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

பிறகு சண்முகையா வந்தார். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசின சிமெண்டைத் தாண்டிக் கல்லில் கால் வைத்தார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் அலமாரியைப் பார்த்தார், பரணைப் பார்த்தார்.

“தம்ளர் எங்கன இருக்கு?”

இத்தனை வருஷம் இந்த வீட்டில் காப்பி குடித்தவருக்குத் தம்ளர் இருக்கும் இடம் தெரியவில்லை. அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

“தேடுங்க” என்றாள்.

சண்முகையா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.