அண்ணனுக்கு நீர்மாலை கொண்டுவந்த படகு

நினைவு மலர் என்றால் இறந்தவரைப் புகழ்ந்து, இருப்பவர்களுக்கு நன்றி சொல்லி முடிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அண்ணனைப் புகழ்வதில் தங்கை எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இருப்பவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஓராண்டு அடக்கி வைத்திருந்தேன். இனி முடியாது.

எங்கள் அண்ணன் கோம்பையில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தேனியில் ஜீப்புக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தார். பிறகு அதே தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். எங்கள் மூவரையும் படிக்க வைத்துக் கரையேற்றியவர் அவர்தான். முன்கோபக்காரர். கையில் இருக்கும் ஸ்பானரை வீசுவார். அரை மணி நேரத்தில் அதே ஆளுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

பட்டறைக்குப் பின்னால் கண்மாய்க்கரையில் ஒரு காலனி இருக்கிறது. ஊரில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் அங்கேதான் போகும். வேலை கேட்டுப் போகும் பிள்ளைகள் விலாசத்தை மாற்றிச் சொல்வார்கள். ஓர் ஐப்பசி மழையில் கண்மாய் மறுகால் பாய்ந்து காலனியைச் சுற்றித் தண்ணீர் நின்றது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கி, மார்பளவுத் தண்ணீரில் நடந்து வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் கழித்து, அந்தக் காலனியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த செல்வி, கொத்து வேலைக்குப் போகும் பாண்டியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். ஒரு படகு செய்து தர முடியுமா என்று கேட்டாள். செய்து தர மாட்டேன், நீங்களும் வந்தால் சேர்ந்து செய்யலாம் என்றார் அண்ணன்.

முதல் படகைத் தகரத்தில் செய்தார்கள். ஜீப்புக்கு அடிப்பது போலவே வரிசையாக ரிவிட் அடித்தார் அண்ணன். கண்மாயில் இறக்கியதும் ரிவிட்டுக்கு ஓர் ஊற்று கிளம்பியது. பாதித் தூரத்தில் மூழ்கிப் போனது. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பாண்டி தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். மறுவாரமே அந்தப் பிள்ளைகள் அவருக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐம்பது வயது மனிதர் லாரி டியூபைக் கட்டிக்கொண்டு கண்மாயில் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது படகு பிளைவுட். செல்வி கணக்குப் போட்டு அளவு கொடுத்தாள். மேலே ஃபைபர் பூசி, ஜீப் படுதாத் துணியில் பாய் தைத்தார்கள். ஆடிக் காற்றில் அது கண்மாயைக் குறுக்கே வெட்டிப் போனபோது காலனியே கரையில் நின்றது. அதன் பிறகு பட்டறையில் ஒரு பக்கம் ஜீப், ஒரு பக்கம் படகு. நம் வீட்டு விசேஷங்களில் கடலில்லாத ஊரில் கப்பல் விடுகிறவன் என்று அண்ணனைக் கேலி செய்தீர்களே, அந்தப் பாண்டி இன்று ஆலப்புழையில் படகு கட்டும் இடத்தில் மேஸ்திரி. செல்வி ஃபைபர் கம்பெனி நேர்காணலில் காலனி விலாசத்தை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லி வேலை வாங்கினாள். இதை ஒருவரும் ஒரு கல்யாண வீட்டிலும் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நம் சொந்தங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். முறை வைத்துக்கொண்டு கூட்டிப் போனவர்கள் காலனிப் பிள்ளைகள். ரத்தம் வேண்டும் என்றபோது அவர்களில் முத்துவும் ரபீக்கும் கொடுத்தார்கள். நம் பங்காளிகளில் ஒருவருக்கு அன்றைக்குக் காய்ச்சல், ஒருவருக்குச் சுகர், ஒருவர் போனையே எடுக்கவில்லை.

அண்ணன் இறந்த அன்று, அவரை நீராட்ட எடுத்துவரும் நீர்மாலைக்குக் கண்மாய்த் தண்ணீர் வேண்டும் என்று அண்ணன் மனைவி, எங்கள் மதினி, சொல்லி அனுப்பினார். ஆலப்புழையிலிருந்து ராத்திரியோடு வந்திருந்த பாண்டியும் செல்வியும் முத்துவும் ரபீக்கும் படகில் நடுக்கண்மாய்க்குப் போய், தெளிந்த தண்ணீராகப் பார்த்துக் குடத்தில் எடுத்து வந்தார்கள். தெருமுனையில் பெரியப்பா மறித்துக்கொண்டார்.

"நீர்மாலை பங்காளிக சமாச்சாரம்ப்பா. கண்டவனும் கொடம் தூக்குனா நாளைக்கு நம்ம வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அங்கன தள்ளி நில்லுங்க."

பாண்டி அவர் தோளுக்கு மேலாக வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். "அக்கா, மதினிதான் சொல்லி விட்டாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. பங்காளிகள் கடையில் மூன்று கேன் தண்ணீர் வாங்கி, குடங்களில் ஊற்றி, வெள்ளைத் துணி பிடித்து, கொட்டு முழங்க நான்கு வீடு தள்ளியிருந்து நடந்து வந்தார்கள். அதுதான் நீர்மாலையாம்! உயிரோடு இருந்தபோது உடம்புக்குள் ஏற்ற அந்தப் பிள்ளைகளின் ரத்தம் ஆகும், செத்த பிறகு மேலே ஊற்ற அவர்கள் தொட்ட தண்ணீர் ஆகாது. எந்த ஊர் நியாயம் இது? கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்காமல் போனேன். பாண்டி, அந்தப் பாவத்தை நான்தான் சுமக்கிறேன்.

இந்த மலரின் அச்சுப் பிரதி, திருத்தம் பார்ப்பதற்காக, போன வாரம் வந்தது. அதில் காலனிப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் நன்றி என்று எழுதியிருந்தேன். பெரியப்பா அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். மதினியும் நானும் உட்கார்ந்து பேசினோம். பெரியப்பா அடித்தது சரிதான் என்று பட்டது. வீட்டு ஆட்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அச்சகத்துக்கு நானே போய் அந்த வரியை எடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் துயருறும் குடும்பத்தார் என்ற இடத்தில், மதினிக்கு அடுத்து, பாண்டி, செல்வி, முத்து, ரபீக் என்று சேர்த்தேன். என் பெயர் அவர்களுக்குக் கீழே இருக்கிறது.

நன்றி என்பது வெளியாட்களுக்குச் சொல்வது. ஆகவே, வந்திருந்து சிறப்பித்த பெரியப்பாவுக்கும் பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.