மூன்று உப்பிலும் கார்பனேட்

முருகனை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும், கம்பைநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணின் வணக்கம். எனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு வரவில்லை.

சென்ற கார்த்திகை மாதம். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். தர்மபுரியில் ஒரு கல்லூரியில், எங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைதோறும் பி.எஸ்சி. முதலாண்டு வேதியியலை நடத்தினார்கள். அதை ஒழுங்காக முடிப்பவர்களுக்கு மறு வருடம் அங்கேயே இடம் உறுதி. அப்பா மரவள்ளி போடுகிறவர். இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தால் படி, இல்லாவிட்டால் பிளஸ் டூவோடு போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

புத்தகம் முழுக்க ஆங்கிலம். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். அகராதியை வைத்துக்கொண்டு முட்டி மோதிப் படித்து, எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறினேன். ஆய்வகத்தில்தான் விழுந்தேன். ஆளுக்கொரு வெள்ளை உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று நாம் சோதித்துச் சொல்ல வேண்டும். இப்படி மொத்தம் மூன்று தேர்வு. முதல் இரண்டிலும் நான் கார்பனேட் என்று எழுதினேன். இரண்டும் தப்பு. மூன்றாவதும் தப்பானால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

"இதுல கார்பனேட்டே இல்லையேம்மா. நீ எங்கிருந்து கொண்டாந்த?" என்று ஆய்வகத்து மேடம் கேட்டார். என் கண்ணால் பார்த்தேன் மேடம், அமிலம் விட்டதும் நுரைத்தது என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நமக்கெல்லாம் எதற்கு இந்தப் படிப்பு என்று தோன்றிவிட்டது. முருகனிடம் கோபம்கூட வந்தது. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறேன், அம்மா மலைக்கோயிலுக்கு நடையாய் நடக்கிறாள், உனக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை பேனாவிலும் ஹால் டிக்கெட்டிலும் திருநீறு பூசாமல் கிளம்பாது. நான் ஒரு படி மேலே போனேன். அம்மா மடித்துக் கொடுத்த திருநீற்றைப் பையிலேயே வைத்திருந்து, உப்பைக் கொட்டும் கண்ணாடித் தட்டிலும் யாரும் பார்க்காதபோது பூசிக்கொள்வேன். முதல் முறை லேசாகப் பூசினேன். தோற்றதும், பக்தி போதவில்லை என்று அடுத்த முறை தாராளமாகப் பூசினேன்.

மூன்றாவது தேர்வு நாள் வந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் சரவணபவ சொல்லிக்கொண்டே போனேன். தட்டில் பூசினேன், உப்பைக் கொட்டினேன், கொஞ்சம் எடுத்துக் குழாயில் போட்டு அமிலம் விட்டேன். நுரைத்தது. மறுபடியும் கார்பனேட்.

ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அதுவரை நான் வேண்டியதெல்லாம் பாஸ் பண்ண வை என்பதுதான். அன்றைக்கு என்னவோ அது வாயில் வரவில்லை. "முருகா, நான் எங்க தப்புப் பண்றேன், அத மட்டும் காட்டு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மனம் அப்படியே அடங்கியது. எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மூன்று உப்பும் வேறு வேறு, மூன்றிலும் கார்பனேட் என்றால், மூன்றுக்கும் பொதுவாக இருப்பது எது? கையைப் பார்த்தேன். கட்டைவிரல் வெள்ளையாக இருந்தது.

ஒரு சுத்தமான குழாயில் திருநீற்றை மட்டும் போட்டு அமிலம் விட்டேன். பொங்கிக்கொண்டு வந்தது.

திருநீறு சாம்பல்தான், கடையில் விற்பதில் சுண்ணாம்புக்கல் மாவும் சேர்ந்திருக்கும்; இரண்டிலும் கார்பனேட் உண்டு. கல்லூரிப் பாடம் படிக்கப் போன எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் திருநீற்றை ஒரு பொருளாக நான் நினைத்ததே இல்லை.

பாதி நேரம் போய்விட்டது. என்னிடமிருந்த உப்பு முழுவதும் கெட்டிருந்தது. வேறு உப்பு வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லோர் முன்னாலும் மானம் போகும். போனால் போகட்டும் என்று மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் நெற்றியிலும் ஒரு திருநீற்றுக் கீற்று இருந்தது. அதே உப்பை இன்னொரு பொட்டலத்தில் கொடுத்து, "நல்லா சோப்பு போட்டுக் கைய கழுவிட்டுச் செய். நேரம் கூடுதலா தர முடியாது" என்றார்.

இந்த முறை அமிலம் விட்டேன், நுரைக்கவில்லை. அடுத்த சோதனையில் தயிர் போல வெள்ளையாகத் திரண்டது. குளோரைடு. காரம் சேர்த்துச் சூடாக்கினேன், மாட்டுக்கொட்டகை வாடை குப்பென்று அடித்தது. அம்மோனியம். அம்மோனியம் குளோரைடு என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். அது சரி என்று மேடம் சொன்னபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் சொன்னதும் அம்மா பயந்துபோனாள். "சாமி குத்தமாயிடுச்சா கண்ணு? நாந்தான கொடுத்தனுப்புனேன்" என்றாள். இல்லம்மா, அவன்தான் என் தப்பைக் காட்டினான் என்றேன். மறுநாளே மலைக்கோயிலுக்குப் போய், "எம்புள்ளைக்கு நல்ல புத்தி கொடுத்தப்பா" என்று சத்தமாகவே சொல்லிக் கும்பிட்டாள். இந்த ஆடி மாதம் நான் அதே கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தேன். முதல் நாள் அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார்.

எல்லாம் முருகன் கொடுத்தது. இதைப் படிக்கிறவர்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். அதைக் கொடு, இதைக் கொடு என்று அவனிடம் கேட்டுக் களைத்திருப்பீர்கள். ஒருமுறை, என் தப்பைக் காட்டு என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குப் பயமாகத்தான் இருக்கும். எனக்கும் பயமாக இருந்தது. ஆனாலும் கேளுங்கள். அவன் காட்டுவான்.