மிதியடிக்கு வரி விலக்கு உண்டா?

திருப்பூரில் ஆடிட்டர் ஆபீஸில் வரி வேலை என்றால் பாதி நேரம் துணியைத் தடவிப் பார்க்கிற வேலைதான். என்னைப் போல மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு இது புரியும். எந்தத் துணி வந்தாலும் எங்கள் ஆடிட்டர் சார் கேட்கச் சொல்லும் கேள்வி இரண்டு. பின்னியதா, நெய்ததா? கைத்தறியா, மோட்டாரா? நான் படித்த சேவூர்ப் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்!

போர்வை போர்த்திய மேசை

போர்வை வியாபாரம் செய்கிற பெரியவர் ஒருவர் வந்தார். அவர் கடை தொடங்கிய காலத்தில் கைத்தறிப் போர்வைக்கு விற்பனை வரி கிடையாது. இப்போது கைத்தறியானாலும் ஜி.எஸ்.டி. உண்டு என்றேன். நம்பாமல் போர்வையை விரித்து என் மேசையையே மூடிவிட்டார். கீபோர்டைத் தேடி எடுக்கும்வரை பொறுமையாக நின்றவர், மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, போர்வையும் மாறல, தறியும் மாறல. வரி மட்டும் எங்கிருந்து முளைச்சுது?"

முதல் கேள்வி

செல்லத்தாயி அக்கா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் குடியிருப்பவர். பனியன் கம்பெனியில் வெட்டி விழும் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, தறியில் கொடுத்து, கால் மிதியடி நெய்கிறார். பெங்களூர்க் கடை ஒன்று மாதாமாதம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறது. வெளிமாநிலத்துக்கு அனுப்ப வரிப்பதிவு வேண்டும். கையால் செய்த சாமான் என்றால் சின்ன வியாபாரிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பதிவு, ரிட்டர்ன் என்றாலே அக்காவுக்குப் பயம். விலக்கு கிடைத்தால்தான் ஆர்டரை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

கீற்று, மெஷினில் பின்னிய பனியன் துணி; மிதியடியோ தறியில் நெய்து வந்தது. நான் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். சார் வந்து திருப்பிப் பார்த்து, ஓரத்தை இழுத்துப் பார்த்து, நெய்ததுதான் என்று முடித்தார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காலு தொடைக்கிற சாமானுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா தாயி?"

இரண்டாவது கேள்வி

கையா, மோட்டாரா என்றதற்குக் கை என்றார். 'கைத்தறி' என்று அடித்துவிட்டேன். கோப்பில் வைக்கத் தறியின் போட்டோ கேட்டதும் போனை நீட்டினார். படத்தில் தறிக்கு அடியில் ஒரு மோட்டார்! தறியை மிதித்து மிதித்து முட்டி வலி தாங்காமல் போன வருடம் மாட்டியதாம். மிதிப்பதுதான் மோட்டார், கீற்றுக் கொடுப்பதெல்லாம் என் கைதானே, அப்போது கைத்தறிதானே என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.

தறியின் மேல்பாதியை மட்டும் படம் எடுத்துட்டு வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அக்கா முந்திக்கொண்டார். மோட்டாரைக் கழற்றிவிட்டால் விலக்கு உண்டா என்றார். உண்டுங்க என்றேன். முட்டியை ஒருமுறை தடவிக்கொண்டார். வரிப்பதிவுக்கான தாளை அவரே என் பக்கம் தள்ளினார்.

"பதிவே போட்டுரு தாயி. மிதியடிக்குக் கவர்மெண்டு விலக்கு குடுத்துரும், என் முட்டிக்கு யாரு குடுப்பா?"

இப்போது அவருடைய ரிட்டர்னை மாதாமாதம் நான்தான் போடுகிறேன், முட்டி எப்படி இருக்கிறது என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்கிறேன், அதற்குத்தான் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை.