முட்டம் பாறையில் மடிக்கணினிகள்

பிளஸ் டூ படிக்கையில் எங்கள் வகுப்பில் எல்லோரிடமும் அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தது. ஆனால் வகுப்பறையில் வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்றுதான். வீட்டிலிருந்தே சார்ஜ் ஏற்றி வந்து, அதை மாலைவரை இழுத்துப் பிடிக்க வேண்டும். திரை வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரிகிற கடைசி அளவுக்குக் குறைத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொள்வோம். அரையிருட்டில் முகங்கள் நீலமாக மிதக்கும். கடலுக்கடியில் உட்கார்ந்து படிப்பதுபோல இருக்கும் எனக்கு.

என் பக்கத்தில் உட்காருகிற தோழி அடுத்த வீட்டுக்காரி. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே விசைப்படகில் போகிறவர்கள். மூடினாலும் கணினி உறங்காமலிருக்கிற செட்டிங் ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தாள். மூடிய கணினியைப் பைக்குள் வைத்து, ஒயரைத் தலைமுடிக்குள் மறைத்துப் பாட்டுக் கேட்பாள்.

அந்த வருடம் புயல் அடித்தபோது இரண்டு அப்பாக்களும் கடலில் இருந்தார்கள். காற்று ஓய்ந்ததும் பார்த்தால் கரையோரம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் மட்டும் சிக்னல் கொஞ்சம் வந்து வந்து போனது. பெண்களெல்லாம் போனோடு அங்கே போய் உட்கார்ந்தார்கள். சிக்னலைத் தேடித் தேடியே போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"ஏட்டி, லேப்டாப்புல இருந்து போனுக்குச் சார்ஜ் ஏத்தலாம்லா?" என்றாள் தோழி.

வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் ஓடினோம். பாதிச் சார்ஜும் கால் சார்ஜுமாகக் கணினிகள் பாறைக்கு வந்தன. திரை சார்ஜைத் தின்னாமல் மூடியே வைக்க அவளுடைய செட்டிங்கை எல்லாவற்றிலும் போட்டோம். ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். புயலுக்குப் பிறகான கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. வெயில்கூட மெலிந்து, பாலாடை மாதிரி எல்லார்மேலும் படிந்திருந்தது. மடியில் மூடிய கணினியின் இளஞ்சூடு. எனக்கு இது நடக்கிறதா, கனவா என்றே தெரியவில்லை.

கடைசியில் என் கணினி மட்டும் மிஞ்சியது. ஒயர் செருக அதில் இருந்தது இரண்டே இடம். ஒன்றில் அம்மாவின் போன். மற்றதில், வேறொரு படகில் புருஷனும் மகனும் போயிருந்த ஒரு அக்காவின் போன். தோழியின் அம்மா அணைந்த போனைக் கையில் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அம்மா தன் போனை உருவினாள்.

"எம்மா, அப்பா கூப்பிட்டா என்ன செய்ய?"

"அவளுக்கும் ஆளு கடல்லதான மக்கா கெடக்கு. கொஞ்சம் ஏறட்டு."

தோழியின் அம்மா போன் உயிர் பெற்றுச் சிறிது நேரத்தில் அடித்தது. தெரியாத நம்பர். கேட்டுக்கொண்டே அவர் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். படகு ஒரு தீவில் ஒதுங்கியிருந்தது. ஆட்களின் போனெல்லாம் தண்ணீரில் போய்விட்டன. அத்தனை பேரில் தோழியின் அப்பாவுக்குத்தான் ஒரு நம்பர் மனப்பாடமாக இருந்தது. போன் என் கைக்கு வந்தது.

"மக்கா, அப்பாதான். பேடிக்காத, பயம் ஒண்ணுமில்ல. எல்லாரும் இருக்கோம். நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். பக்கத்தில் அந்த அக்கா தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சிரிப்பு தானாக அடங்கியது. தோழியின் அம்மா தன் போனைக் கழற்றினார். மிச்சமிருந்த சார்ஜ் முழுவதும் அந்த அக்காவுக்கே போகட்டும் என்று விட்டோம். கணினி அணைந்த பிறகும் நாங்கள் எழுந்து போகவில்லை. அவருக்கு அழைப்பு வரவில்லை. மகனை வேறொரு படகுக்காரர்கள் மீட்டுக் கொண்டுவந்தார்கள். புருஷன் வரவே இல்லை.

சில நாள் கழித்து அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார், யாரோ கொடுத்த தொளதொள சட்டையில். அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, தரையில் படுத்தவர் அப்படியே உறங்கிப்போனார். மத்தியானம் தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கரண்ட் வந்திருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி மெல்லத் திரும்பி, வேகம் பிடித்து, அந்தப் பெரிய சட்டையைப் படகின் பாய் மாதிரி உப்ப வைத்தது. அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.