நான்காவது தடத்தில் இருந்த குரல்

என் குரலை அழித்தது நீங்கள்தான். தவறிப்போய் அழியவில்லை. இன்னொரு பெண்ணை மைக் முன்னால் நிறுத்தி, பொத்தானை அமுக்கி, என் குரல்மேலேயே பாடவைத்து அழித்தீர்கள்.

இந்தக் கடிதத்தை வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். நீங்கள் பினாங்கு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. நான் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. சொந்தமில்லை, அண்ணே தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொள்ளும் நாம் இரண்டு பேர்தான் குழு. ஊரில் எல்லாரும் கீபோர்டு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, நமக்கு அப்பா அம்மா காலத்து ரேடியோ சத்தம் வேண்டியிருந்தது. வயலின்கள் கூட்டமாக எழும்ப வேண்டும், தூரத்தில் ட்ரம்பெட் ஊத வேண்டும், ஒரு ஆணும் பெண்ணும் அவசரமே இல்லாமல் பாட வேண்டும். அதற்காகச் சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடவில்லை. மெட்டும் சொல்லும் நம்முடையவை. ஃபெரியைத் தவறவிட்டதையும் ஃபேக்டரி பஸ்ஸில் தூங்கி விழுவதையும் அவ்வளவு பெரிய வாத்திய ஜோடனையோடு பாடினோம். அது பொருந்தவே பொருந்தாது. அதனால்தான் நன்றாக இருந்தது.

வாத்தியக் குழுவுக்கு எங்கே போவது? கோயில் கச்சேரியில் வாசிக்கும் ஒரே ஒரு வயலின்காரரை உங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தீர்கள்.

"கமகம் வேணாம் அண்ணே, நேரா வாசிங்க" என்றீர்கள்.

"நேரா வாசிக்க நான் என்னா இரும்புக் கம்பியா?" என்றார் அவர். ஆனாலும் வாசித்தார். அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தோம். ஒரு தடவை வாசித்ததுபோல் மறு தடவை வராது. அந்தச் சின்னப் பிசகில்தான் ஒரு ஆள் ஒரு கூட்டமாகக் கேட்டார்.

ட்ரம்பெட்டுக்குச் சீனர்களின் சாவு ஊர்வலத்தில் ஊதும் இரண்டு பேர் வந்தார்கள். வேலை முடிந்து வெள்ளை யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்துவிட்டார்கள். அவர்கள் ஊதத் தொடங்கியதும் கீழ்வீட்டு அக்கா படியேறி ஓடி வந்தார்.

"ஐயோ, யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒன்னும் ஆவலக்கா. காதல் பாட்டு."

"காதலுக்கா இப்படி ஊதுறீங்க? கல்யாணம் ஆனவங்கள கூப்பிட்டுப் பாடச் சொல்லு, சரியா இருக்கும்."

அந்தப் பதிவில் கடைசியாக நான் சிரித்தது அப்போதுதான்.

நம்மிடம் இருந்தது நான்கு தடம் பதியும் கேசட் இயந்திரம். வயலினும் ட்ரம்பெட்டும் சேர்ந்து ஒரு தடம். கிட்டாரும் தாளமும் இரண்டாவது. உங்கள் குரல் மூன்றாவது. என் குரல் நான்காவது. ஒரு தடத்தில் புதிதாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடும். இருந்தது அந்த ஒரே கேசட். ஒரு காப்பி கேட்டேன். "எல்லாம் முடியட்டும் தங்கச்சி" என்றீர்கள். முடித்துக்கொண்டு கோலாலம்பூரில் ஒரு கேசட் கம்பெனிக்கு எடுத்துப் போனீர்கள்.

பிறகு ஒரு காலை, ஃபேக்டரி பஸ்ஸில் டிரைவர் வைத்திருந்த ரேடியோவில் அந்த ட்ரம்பெட் வந்தது. நான் அந்தப் பாட்டை முணுமுணுத்துக் கேட்டிருந்த பக்கத்து சீட்டுக்காரி என் தோளில் அடித்தாள். "ஏய், உன் பாட்டுலா! அண்ணே, சத்தமா வைங்க!" டிரைவர் கூட்டினார். நீங்கள் பாடினீர்கள். அடுத்து நான் வர வேண்டிய இடத்தில் வேறு ஒருத்தி வந்தாள். நான் மூச்சு விட்ட இடத்தில் அவளும் மூச்சு விட்டாள்.

"உன் குரலா இது? ரேடியோல ரொம்ப இனிப்பா இருக்கே."

"நான் இல்ல" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. ஃபேக்டரிக்குள் போய் எட்டு மணி நேரம் வேலை செய்தேன். அன்று முதல் இன்றுவரை பாடவில்லை. பாட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வேலை முடிந்து துறைமுக வாசலுக்கு வந்து உங்களிடம் கேட்டேன்.

"கம்பெனிக்காரன் உன் குரல் மெலிசா இருக்குன்னு சொல்லிட்டான் தங்கச்சி. இருக்கிறது நாலு தடம். நான் என்னா செய்ய?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணே?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அதற்குப் பிறகு "தே தாரிக் குடிக்கிறியா?" என்றும் கேட்டீர்கள். குடித்தேன். நான் ஏன் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு என்ன சொல்லிப் பாட வைத்தீர்களோ. என் குரல் மெலிசு என்பதும் உண்மைதான். மெலிசான குரலைக் கூட்டமான வயலின்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டோம்? இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தக் குழு நீங்களும் அவளும்தான். அது நான் பாடிய பாட்டு என்று காட்ட என்னிடம் ஒரு சத்தமும் இல்லை. சொன்னால் ஊர் நம்பக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

வருகிற மாதம் செபராங் ஜெயா மண்டபத்தில், அந்தப் பாட்டு உருவான கதையைப் பேச உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வருவேன். தனியாக வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம், வீட்டுக்குப் போன் பண்ணவும் வேண்டாம். மேடையில், மைக்கில், அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: அந்தப் பாட்டை உங்களோடு முதலில் பாடியது யார்?