ஜெல்மினாவைக் கேட்காமல் கொடுத்த பெயர்

ஃப்ரியூலிப் பகுதியில், கொர்மோன்ஸ் ஊருக்கு மேலே உள்ள சரிவில் ஜெல்மினாவுக்கு மூன்று ஏக்கர் திராட்சை இருந்தது. அதில் முக்கால்வாசி டொக்காய்க் கொடி. அவள் அதிகம் படிக்கவில்லை. ஆனால் கொடி கவாத்து செய்வதில் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ஈடு கிடையாது. கோபமும் அப்படித்தான், வந்தால் லேசில் அடங்காது.

2005-ல் திராட்சை விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் செயலாளர் லிவியோ விஷயத்தைச் சொன்னபோது அந்தக் கோபம் வந்தது. பல வருஷத்துக்கு முன்பே ஐரோப்பியக் கூட்டமைப்பும், அப்போது அதில் சேராத ஹங்கேரியும் ஓர் ஒயின் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஹங்கேரியில் டொக்காய் என்பது ஊர். இங்கே அது வெறும் திராட்சையின் பெயர். ஊருக்குத்தான் உரிமையாம். இரண்டு மொழியிலும் எழுத்து வேறானாலும் காதுக்கு ஒன்றுதான் என்பதால், 2007 மார்ச்சோடு ஃப்ரியூலிக்காரர்கள் தங்கள் பாட்டிலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும். வழக்குப் போட்டும் தோற்றாயிற்று.

"பதிமூணு வருஷம் அவகாசம் குடுத்தாங்களே அக்கா," என்றார் லிவியோ.

"தூக்குல போடுறவன் தேதி சொல்லிட்டுப் போட்டா நன்றி சொல்லணுமா தம்பி? கையெழுத்துப் போட்டவன்ல எவனாவது இந்தச் சரிவுல ஒரு நாள் ஏறியிருக்கானா?"

மறு வருஷம் அறுவடை முடிந்ததும் சங்கம் ஹங்கேரிக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்தது. எங்கும் போகாத ஜெல்மினா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். திருடர்களை நேரில் பார்க்க வேண்டும் அவளுக்கு. பைக்குள் தன் ஒயினில் ஒரு பாட்டில் வைத்துக்கொண்டாள்.

அங்கே ஒரு நிலவறையில் அவர்களை வரவேற்றவள் பிரோஷ்கா. ஜெல்மினாவின் வயதுதான், காலில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். ஜெல்மினா பாட்டிலைப் பீப்பாய் மேல் வைத்துவிட்டு, இரண்டு மொழியும் தெரிந்த ஓட்டுநர் ஸ்தெஃபானிடம், "எங்க பேரைத் திருடினது இவங்கதானான்னு கேளு" என்றாள். அவர் தயங்கினார். ஜெல்மினாவின் முகத்தைப் பார்த்தே பிரோஷ்காவுக்குப் புரிந்துவிட்டது.

அரசாங்கம் நிலத்தை எடுத்துப் பண்ணை நடத்திய காலத்தில் தன் குடும்பத்துத் திராட்சையை ஊரார் திராட்சையோடு ஒரே தொட்டியில் கொட்டி ரயிலேற்றியதை அவள் சொன்னாள். நிலம் திரும்பி வந்தபோது கொடி பாதி செத்திருந்தது. மிஞ்சியது பெயர் மட்டும்.

"அதையும் விட்டுட்டா எங்ககிட்ட என்ன இருக்கு? ஆனா உங்க கொடியோட பேரை எடுக்கச் சொல்லி நான் யாரையும் கேக்கலை. என்னையும் யாரும் கேக்கலை," என்றாள்.

இரண்டு ஒயினையும் ஊற்றிக் குடித்தார்கள். பிரோஷ்காவுடையது தேன்போல் இனித்தது. ஜெல்மினாவுடையதில் இனிப்பே இல்லை. கடைசியில் வாதுமையின் மெல்லிய கசப்பு. கண் தெரியாதவன்கூட ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் குடிக்க மாட்டான். பிறகு எவனுக்குக் குழப்பம் வரும் என்று இந்த ஒப்பந்தம்?

ஊர் திரும்பும்போது ஜெல்மினாவுக்குத் தோன்றியது: பிரோஷ்கா எதிரியாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். இப்போது கோபம் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் மேல் திரும்பியது. விவசாய அமைச்சகத்துக்கு எழுதினாள்: எங்கள் பெயரைக் கொடுத்து நீங்கள் வாங்கியது என்ன? அது யார் வீட்டுக்குப் போயிற்று?

நாலு மாதம் கழித்து, அக்கறைக்கு நன்றி சொல்லி ஒரு பதில் வந்தது. கூடவே ஒயினின் புதுப் பெயரை விளம்பரம் செய்வது எப்படி என்று ஒரு வழவழப்பான புத்தகம். புதுப் பெயர் 'ஃப்ரியூலானோ', அதாவது ஃப்ரியூலிக்காரன்.

"மனுசனோட பேரைப் புடுங்கித் திராட்சைக்கு வச்சுட்டானுங்க. இனி என்னை என்னன்னு கூப்பிடுவானுங்க?" என்று மதுக்கடையில் கேட்டாள். சிரித்தவர்களை முறைத்தாள்.

ஏப்ரலில் அவளும் புது லேபிள்தான் ஒட்டினாள்; விற்றாக வேண்டுமே. சட்டம் அனுமதித்த அளவுக்குப் பொடி எழுத்தில் புதுப் பெயர், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் தன் குடும்பப் பெயர். புதுப் பெயருக்குச் சங்கம் நடத்திய அறிமுக விழாவில் எல்லோரும் கோப்பையை உயர்த்தியபோது அவள் உயர்த்தவில்லை, குடித்தாள். லிவியோ ஏன் என்று கேட்டார்.

"ஒயினுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. உங்களைத்தான் எனக்குப் பிடிக்கலை."

கடையில் இன்றும் எல்லோரும் டொக்காய் என்றுதான் கேட்கிறார்கள். நாக்குக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஜெல்மினாவுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு மார்ச்சும் அதே இரண்டு கேள்வியை அமைச்சகத்துக்கு அனுப்பினாள். சாகும்வரை பதினொரு கடிதம். முதல் கடிதத்துக்கு வந்ததைத் தவிர வேறு பதில் வரவில்லை.